ராமானுஜனின் கடிதங்களும் ஆங்கில மரியாதை நடையும்

ஆங்கிலத்தில் 'ஃபார்மல்' எனப்படும் மரியாதை நடை சென்னை மாகாணத்துத் தமிழர்களுக்குப் பெரும்பாலும் கடிதங்கள் வழியாகவே வந்து சேர்ந்தது. வேலைக்கு மனு, விடுப்புக்கு மனு, வரி குறைக்க மனு என்று எதற்கும் அந்த நடை தேவைப்பட்டது. அதை எங்கே எந்த அளவில் கையாள வேண்டும் என்பதற்குக் கணித மேதை சீனிவாச ராமானுஜன் (1887–1920) எழுதிய சில கடிதங்கள் நல்ல சான்று.

இரண்டு மொழிகள், இரண்டு வழிகள்

தமிழில் மரியாதை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று ஆளுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். வினைமுற்றும் கூடவே மாறும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் 'யூ' ஒன்றுதான். கவர்னருக்கும் அதே, கடைப்பையனுக்கும் அதே. ஆகவே அந்த மொழி மரியாதையைக் கடிதத்தின் தொடக்கத்திலும் முடிவிலும், கேட்கும் முறையிலும் ஏற்றிவைத்தது.

அக்கால அரசுக் கடிதங்கள் 'யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்' என்று முடிந்தன. 'தங்கள் மிகக் கீழ்ப்படிந்த ஊழியன்' என்பது நேர்ப்பொருள். கேட்டால் அடிமைத்தனமாகத் தோன்றும். ஆனால் வெள்ளை அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதும்போதும், மேலதிகாரி கீழுள்ளவருக்கு எழுதும்போதும் இப்படித்தான் கையெழுத்திட்டார்கள். அது வெறும் சடங்குச் சொல். நம் பெரியவர்கள் பெயருக்கு முன்னால் 'ம.ரா.ரா.ஸ்ரீ' (மகாராஜராஜஸ்ரீ) போட்டதும் அப்படியே. அதற்காக எவரும் ராஜா ஆகிவிடவில்லை. அந்தச் சொல்லைச் சென்னை அரசு ஆங்கில ஆவணங்களிலும் 'எம்.ஆர்.ஆர்.ஒய்.' என்று சுருக்கி வழங்கியது. 1967இல் அண்ணா முதலமைச்சரான பிறகு அரசு வழக்கில் 'திரு' நிலைபெற்றது.

துறைமுகத்துக்கு ஒரு விண்ணப்பம்

ராமானுஜனுக்கும் ஆங்கிலப் பாடத்துக்கும் பொருத்தம் சரியில்லை. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தவர், கணக்கிலேயே மூழ்கிக் கிடந்து ஆங்கிலத் தேர்வில் தவறி அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை.

1912 பிப்ரவரி 9ஆம் தேதி அவர் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கு ஒரு குமாஸ்தா வேலை கேட்டு எழுதினார். காலியிடம் இருப்பதாக அறிகிறேன், விண்ணப்பிக்கிறேன் என்று நேராகத் தொடங்குகிறார். எஃப்.ஏ.வில் தோற்றேன் என்று எழுதவில்லை. சில எதிர்பாராத சூழ்நிலைகளால் மேலே படிக்க இயலவில்லை என்கிறார். பொய்யும் இல்லை, தன்னைத் தாழ்த்திக்கொள்வதும் இல்லை. வேலையைச் சரியாகச் செய்வேன் என்ற நம்பிக்கை உண்டு என்று ஒரு வரி. முடிவில் அந்த 'ஒபீடியன்ட் சர்வன்ட்'. அலுவலகம் எதிர்பார்த்த அச்சில் அப்படியே பொருந்திய கடிதம். மார்ச் முதல் தேதி மாதம் 30 ரூபாயில் வேலையில் சேர்ந்தார்.

ஹார்டிக்கு எழுதியது

ஓராண்டுகூட முடியவில்லை. 1913 ஜனவரி 16ஆம் தேதி கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜி. எச். ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. அதற்கு முன் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு கணித அறிஞர்களுக்கு எழுதிப் பயன் கிடைக்கவில்லை. அதனால் இந்தக் கடிதத்தைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்.

இதிலும் 'ஐ பெக் டு' என்றே தொடங்குகிறார். அகராதியில் 'பெக்' என்றால் பிச்சை கேட்பது. கடித மொழியில் 'அனுமதியுங்கள்' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. முடிவில் ஊழியன் என்ற சொல் போய், 'யுவர்ஸ் ட்ரூலி' வந்துவிடுகிறது. ஹார்டி அவருக்கு மேலதிகாரி அல்லர். ஒரே துறையில் உழைக்கும் அறிமுகமில்லாத மனிதர். அந்த வேறுபாட்டைக் கடிதம் உணர்ந்திருக்கிறது. இன்னும் முக்கியமானது இடையில் உள்ளது. ஹார்டி எழுதிய நூலின் 36ஆம் பக்கத்தைக் குறிப்பிட்டு, பகா எண்களின் எண்ணிக்கைக்குத் திட்டமான கோவை இல்லை என்று அங்கே சொல்லப்பட்டிருப்பதைச் சுட்டி, தாம் ஒன்று கண்டிருப்பதாக எழுதுகிறார். நூலாசிரியரிடமே மறுத்துப் பேசும் துணிவு. தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்ற வணக்கம் அதன் பிறகுதான்.

இந்தக் கடிதங்களின் ஆங்கிலம் முழுவதும் ராமானுஜனுடையதாக இருக்க முடியாது என்று ஹார்டியே பின்னாளில் கருதினார். சென்னை நண்பர்கள் கைகொடுத்திருக்கலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை. மனு எழுதத் தெரிந்தவரிடம் போய் உட்காருவது நம் ஊர்களில் இன்றும் உள்ள வழக்கம்தான்.

சந்தவாசல் பக்கத்துப் பள்ளிகளில் நான் ஆங்கிலம் எடுத்தபோது, ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகள் விடுப்புக் கடிதத்தை மனப்பாடமாக எழுதுவார்கள். காய்ச்சல், 'கைண்ட்லி', 'ஒபீடியன்ட்லி' எல்லாம் இருக்கும். அதே பிள்ளையிடம் நண்பனுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னால், அதுவும் 'கைண்ட்லி' என்று தொடங்கி 'ஒபீடியன்ட்லி' என்று முடியும்! 'டியர் சார்' என்றால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி', பெயர் சொல்லி விளித்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி' என்ற விதியைக் கற்பித்தோம். யாருக்கு எழுதுகிறோம் என்று முதலில் யோசிக்க வேண்டும் என்பதைப் போதிய அளவு கற்பித்தோமா என்பது ஐயமே.

விருந்தும் கடைசிக் கடிதமும்

ஹார்டி 1913 பிப்ரவரி 8 அன்று பதில் எழுதினார். அதே மாதம் 27ஆம் தேதி ராமானுஜன் எழுதிய மறுகடிதத்தில் விளி பழைய 'டியர் சார்' தான். உள்ளே மட்டும் உங்களில் ஒரு நண்பரைக் கண்டேன் என்கிறார். தாம் அரைப் பட்டினியில் இருப்பதையும், உதவித்தொகை பெற ஹார்டியின் கடிதம் துணையாகும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் வழங்கியது. 1914 மார்ச் 17இல் கப்பலேறினார்.

கடிதத்துக்கு அச்சு உண்டு; சாப்பாட்டுக்கு இல்லை. கேம்பிரிட்ஜில் அவர் தம் கையால் சமைத்து இந்திய நண்பர் ஒருவரையும் இரண்டு பெண்களையும் விருந்துக்கு அழைத்தாராம். மூன்றாம் முறை ரசம் பரிமாற வந்தபோது பெண்கள் போதும் என்றார்கள். ராமானுஜன் சட்டென்று வெளியேறி ஆக்ஸ்ஃபோர்டுக்கே போய்விட்டார். நம் வீட்டு விருந்தில் 'போதும்' என்பதைக் கேட்டும் கேளாததுபோல் இன்னொரு கரண்டி ஊற்றுவது உபசாரம். அதை உண்மையான மறுப்பாகச் சொன்னால் பரிமாறுபவர் மனம் புண்படும் என்று வந்தவர்களுக்குத் தோன்றவில்லை.

ஊர் திரும்பிய பின், 1920 ஜனவரி 12ஆம் தேதி, நோயுற்ற நிலையில் ஹார்டிக்குக் கடைசியாக எழுதினார். இவ்வளவு நாள் ஒரு கடிதம்கூடப் போடாததற்கு மிகவும் வருந்துகிறேன் என்று ஒரு வரி. 'ஐ பெக் டு' இல்லை, தகுதிப் பட்டியல் இல்லை. அடுத்து நேராக, தாம் 'மாக் தீட்டா' என்று பெயரிட்ட புதிய சார்புகளைப் பற்றிய செய்தி தொடங்கிவிடுகிறது.