ஜேடர்பாளையம் வட்டாரத்தில் பயிர் ரகப் பன்மை

நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் வட்டத்தில், காவிரிக் கரையில் உள்ள ஊர் ஜேடர்பாளையம். அல்லாள இளைய நாயக்கர் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் ராஜா வாய்க்கால் இங்கிருந்து பிரிகிறது. வாய்க்கால் பாசனத்தில் வெற்றிலை, வாழை, கரும்பு, மேட்டாங்காட்டில் மரவள்ளி. ஒரே வட்டாரமாக இருந்தும், ஒரு பயிரில் பல ரகம் நிற்கின்றன, இன்னொன்றில் ஓரிரண்டே மிஞ்சுகின்றன. வாங்குகிறவர் ரகத்தைப் பெயர் சொல்லி வாங்குகிறாரா என்பதே இதற்கு முதற்காரணம்.

வாழையில் அது தெளிவாகத் தெரியும். பரமத்தி வேலூர் ஏலத்தில் பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, பச்சநாடன் ஒவ்வொன்றும் தார்க்கணக்கில் தனித்தனி விலைக்குப் போகும், மொந்தனுக்குக் காய்க்கணக்கு. முகூர்த்த நாளும் கோயில் விழாவும் விலையை ஏற்றும். கன்றைப் பக்கத்துத் தோட்டத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்பதால், கால் ஏக்கர்க்காரரும் இரண்டு ரகம் வைக்க முடிகிறது.

வெற்றிலையிலும் வெள்ளைக்கொடிக்கு ஒரு விலை, கற்பூரிக்கு ஒரு விலை. நூறு இலை ஒரு கவுளி, 104 கவுளி ஒரு சுமை. இளங்கால் இலைக்கும் முதிகால் இலைக்கும்கூட விலை வேறு. ஆனால் வெற்றிலைக் கொடிக்கால் சில ஆண்டுகள் நிற்க வேண்டிய பயிர். அகத்தியில் கொடியை ஏற்றிக் கட்டவும் இலை கிள்ளவும் கை தேர்ந்த ஆட்கள் வேண்டும். ஓராண்டுக் குத்தகைக்காரருக்கு இது கட்டுப்படியாகாது.

மரவள்ளியின் கதை வேறு. ஜவ்வரிசி ஆலைக்காரர் ரகத்தின் பெயரைப் பொருட்படுத்துவதில்லை. மாவுச்சத்தை அளந்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை போடுகிறார். சேலத்தில் 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு, ஆலைகளின் ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் ஏலச்சந்தை அமைத்துத் தந்தது. பாயிண்ட் ஏறும் ரகமே வயலைப் பிடிக்கும். வேகவைத்துத் தின்ன ருசியான கிழங்கு வீட்டுத் தேவைக்குச் சுருங்கிப்போகும். கரும்பிலும் இதே நிலைதான்: தமிழகமெங்கும் கோ 86032 ரகமே பரவலாக நிற்கிறது.

ஜவ்வரிசி ஆலைகளின் தேவை அதே மாவட்டத்துக் கொல்லிமலை வரை ஏறியது. மல்லியச்சாமை, சடஞ்சாமை, பெருந்தினை என்று சாமையிலும் தினையிலும் பல நாட்டு ரகங்கள் விளைந்த நிலத்தில் மரவள்ளி வந்தது. ரேஷன் அரிசியும் கிடைத்தது. சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் வேலை முழுவதும் பெண்கள் தலையில் விழுந்திருந்ததால், வீட்டில் அதை விடச் சொன்னவர்களில் அவர்களும் இருந்திருந்தால் குறை சொல்ல முடியாது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே ஊர் விதை வங்கிகளை அமைத்தது. அரவை இயந்திரங்களையும் மகளிர் குழுக்களிடம் கொடுத்தது. விதையைச் சேர்த்து வைத்ததைக் காட்டிலும் உலக்கையை இறக்கிவைத்ததே பெரிய உதவி என்று கொள்ள வேண்டும்.