பாரிசவாதம்: ஒரு நோயும் அதன் பெயர்களும்

"அவருக்கு வாதம் அடிச்சிட்டு" என்றுதான் எங்கட ஊர்ப்பக்கம் சொல்வார்கள். தமிழ் படிப்பிக்கிறவன் என்பதால், நோயைவிட அதன் பெயரே முதலில் என்னை இழுத்தது. பெயர்களின் பின்னால் போனால், மனிதன் இந்த நோயை விளங்கிக்கொண்ட வரலாறும் கூடவே வருகிறது.

பாரிசம் என்றால் பக்கம். வாதம் என்றால் காற்று. வாதம், பித்தம், கபம் ஆகியவை சமநிலை குலைவதே நோய் என்று கண்ட மரபின் சொல் இது. கிரேக்கர் வைத்த பெயருக்கு 'அடித்து வீழ்த்தப்படுதல்' என்று பொருள்.

அரபியில் இரண்டு சொற்கள் உண்டு. 'ஸக்தா', மௌனமாதலைக் குறிக்கும் வினையடியில் பிறந்தது. 'ஃபாலிஜ்', இரண்டாகப் பிளத்தலைக் குறிக்கும் அடியில் பிறந்தது. 1037இல் மறைந்த இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் இவ்விரண்டையும் வேறுபடுத்தி எழுதினார். உடல் முழுதும் உணர்வும் அசைவும் இழப்பது ஸக்தா. ஒரு பாதி தளர்வது ஃபாலிஜ். அரபு உரைநடையின் பேராசான் அல்ஜாஹிழ் தம் முதுமையில் ஃபாலிஜோடுதான் வாழ்ந்தார்.

ஆனால் காரணம் எது? 1658இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் யோகான் யாகோப் வெப்ஃபர், இந்நோயால் இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்து, மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்ததை எழுதினார். குழாய் அடைபட்டாலும் இதே கதி வரலாம் என்றும் கருதினார். இன்று நாம் சொல்லும் இரண்டு வகைகளும் இவைதான்: அடைப்பு, வெடிப்பு. பெரும்பாலானவை அடைப்பு வகை.

1945 ஏப்ரல் 12இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளை இரத்தக்கசிவால் இறந்தார். அன்று அளந்த இரத்த அழுத்தம் 300/190. அந்தக் காலத்தில் அழுத்தத்தைக் குறைக்க நல்ல மருந்து இருக்கவில்லை. 1948இல் தொடங்கிய பிரேமிங்ஹாம் ஆய்வும் அதன் பின் வந்த ஆய்வுகளும் ஆபத்துக் காரணிகளைத் தெளிவாக்கின: உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், கொலஸ்ட்ரோல், ஒழுங்கற்ற இதயத்துடிப்பு. "பிரஷர் கொஞ்சம் கூட, ஒண்டும் செய்யாது" என்று குளிசையை விட்டுவிடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

1971இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை சீ.டி. ஸ்கேனில் படமாக்கப்பட்டது. அடைப்பா, கசிவா என்பதை உயிரோடிருப்பவரிடமே பார்க்க வழி பிறந்தது. 1996இல் அமெரிக்கா, கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தை இதற்கு அனுமதித்தது. அந்த ஊசியைப் பொதுவாக 4.5 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். கசிவு வகைக்குப் போட்டால் ஆபத்து. அதனால் ஸ்கேன் முந்த வேண்டும்.

இங்கேதான் பழைய பெயர் நம்மை ஏமாற்றுகிறது. 'வாதம்' என்றதும் எண்ணெய் தேடுகிறோம். ஓதிப் பார்த்துவிட்டு விடியட்டும் என்கிறோம். துஆ கேட்பதை வண்டிக்குள் இருந்தும் கேட்கலாம். போன நேரம் திரும்பாது.

திடீரென வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமல் விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலே 1990க்கு அழையுங்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும்; அடுத்து வருவதற்கான முன்னறிவித்தலாக அது இருக்கக்கூடும்.

பெயரை மாற்றச் சொல்லவில்லை. பாரிசவாதம் நல்ல தமிழ்ச்சொல். பக்கம் உடலில் தெரிகிறது. நோய் இருப்பது மூளையில் என்பதை மட்டும் அச்சொல்லோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்போம்.