கழுதை கழுதைதான்



‘பழமொழிகளின் உண்மைப் பொருள்’ என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த மாதம் மட்டும் நாலு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். ஆயிரம் பேரைக் கொன்றவன் அல்லவாம், ஆயிரம் ‘வேரைக்’ கொன்றவன்தான் அரை வைத்தியனாம். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்றால், சஷ்டி விரதம் இருந்தால் கருப்பையில் பிள்ளை வரும் என்று பொருளாம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பதில் கழுதையே இல்லையாம். ‘கழு’ என்ற கோரைப் புல்லில் பாய் தைத்தால் கற்பூர வாசனை வருமாம். என்னிடம் படித்து இப்போது ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண், “இதை வகுப்பில் சொல்லலாமா சார்?” என்று கேட்டிருந்தார். அவருக்கான பதில்தான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழமொழியை ஏட்டில் ஏற்றுவது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் செய்யுளியலில் அதை ‘முதுமொழி’ என்று சொல்லி இலக்கணமும் வகுத்திருக்கிறது. சுருக்கம் வேண்டும், நுட்பம் வேண்டும், எளிதாக விளங்கவும் வேண்டும். எளிதாக விளங்கவேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பிறகு பதினெண்கீழ்க்கணக்கில் பழமொழி நானூறு. முன்றுறை அரையனார் என்ற சமணர் வெண்பாவுக்கு ஒரு பழமொழி வைத்துப் பாடினார். ‘நிறைகுடம் தளும்பாது’, ‘பாம்பின் கால் பாம்பறியும்’ இரண்டும் சொல் சற்று மாறி அதில் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் நாம் அதே பொருளில்தான் சொல்கிறோம்.

நம் வழக்குக்கு நேரான சாட்சி 19-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. பீட்டர் பெர்சிவல் என்ற வெஸ்லியன் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் பள்ளி நடத்தியவர். ஆறுமுக நாவலர் அவரிடம் படித்து, பைபிள் மொழிபெயர்ப்பில் அவருக்கு உதவியாகவும் இருந்தார். (சைவத்தை வளர்த்த நாவலரும் பாதிரியாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தமிழ் பார்த்தார்கள் என்பதே தனிக் கதை. இன்னொரு நாள்.) பின்னர் சென்னைக்கு வந்த பெர்சிவல், 1874-இல் ஆறாயிரத்துக்கும் அதிகமான பழமொழிகளை அச்சிட்டார். 1894-இல் ஜான் லாசரஸ் ஒன்பதாயிரத்துக்கு மேல் தொகுத்தார். 1897-இல் ஹெர்மன் ஜென்சன் பொருள்வாரியாகப் பிரித்து ஒரு தொகுப்பு போட்டார். நம் காலத்தில் கி.வா.ஜகந்நாதன் நான்கு தொகுதிகள் கொண்டுவந்தார்.

பெர்சிவல் நூலின் அருமை, பக்கத்திலேயே ஆங்கிலம் இருப்பது. தமிழ் எழுத்தைப் பிரித்துச் சேர்த்து வித்தை காட்டலாம். மொழிபெயர்ப்பில் அந்த வித்தை நடக்காது. அங்கே கழுதை நாலு கால் கழுதையாகத்தான் நிற்கிறது. பாயும் இல்லை, கோரையும் இல்லை. அன்றைய மக்கள் எப்படிப் புரிந்துகொண்டார்களோ அப்படியே பதிவாகியிருக்கிறது.

தமிழ்க் காதும் ஒரு சாட்சி. வேரை யாராவது ‘கொல்வார்களா’? பிடுங்குவோம், வெட்டுவோம், இடிப்போம். ஆயிரம் பேரைச் சாகடித்தும் ஆள் இன்னும் அரை வைத்தியன்தான் என்ற குத்தலில்தான் அந்தச் சொல்லின் உயிர் இருக்கிறது. மண் குதிரையையும் ‘மண் குதிர்’ ஆக்கிவிட்டார்கள். அய்யனார் கோயிலுக்குப் புரவி எடுக்கும் ஊரில் பிறந்தவனுக்கு மண் குதிரையை விளக்க வேண்டுமா? சுட்ட குதிரை நீந்தாது, சுடாத குதிரை கரைந்தே போகும்.

இந்தத் திருத்தங்கள் எல்லாம் ஒரே திசையில் போவதைக் கவனித்தீர்களா? கேலி இருந்த இடத்தில் மருத்துவம், சமையலறை இருந்த இடத்தில் விரதம். விரதம் இருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அகப்பை என்பது கொட்டாங்கச்சியில் காம்பு செருகிய கரண்டி. அடுப்படியில் நின்று இதைச் சொன்ன கிழவிகளுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. அந்தப் பழைய தொகுப்புகளில் பெண்களையும் சில சாதிகளையும் இழிவாகப் பேசும் பழமொழிகளும் உண்டு. அவற்றைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யத் தரமாட்டேன். அதற்காக ‘உண்மைப் பொருள்’ கண்டுபிடித்து வெள்ளையடிக்கவும் மாட்டேன். நம் ஊர் எப்படிப் பேசியது என்பதற்கு அவையும் ஆதாரம்.

ஆகவே அம்மா, வகுப்பில் சொல்ல வேண்டாம். பெர்சிவல் நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிள்ளைகளிடம் அந்த வாட்ஸ்அப் செய்தியையும் இந்தப் பக்கத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். வீட்டில் பாட்டி இருப்பவர்கள், அவர் சொல்லும் பழமொழி ஒன்றை, எந்தச் சமயத்தில் சொன்னார் என்பதோடு கீழே எழுதுங்கள்.