சைக்கிள் ரிப்பேருக்கு அரசாங்கம் ஆள் சேர்த்த காலம்

பதினொண்ணாவது படிக்கிற என் தம்பி மகளுக்குப் பள்ளிக்கூடத்துல அரசு சைக்கிள் கொடுத்தாங்க. எங்க பக்கத்துல ஒரு வழக்கம். புது சைக்கிள் வந்தா உடனே ஓட்ட மாட்டோம். கடையில விட்டு நட்டு எல்லாம் ஒருதரம் முறுக்கி, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு வாங்கினாத்தான் நிம்மதி. அதுக்காக வேங்கிக்கால்ல வேலூர் ரோட்டு ஓரமா இருக்கிற ஒரு சின்னக் கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சிரிச்சார். "வாங்க பாதி மெக்கானிக்கு!"

தம்பி மகளுக்குப் புரியலை. "ஏன் பெரியப்பா உங்களைப் பாதி மெக்கானிக்குனு கூப்பிடறாரு?" என்று வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தாள். அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுறேன்.

சைக்கிள் ரிப்பேர் கத்துக்க எங்க காலத்துல பள்ளிக்கூடம் கிடையாது. சுதந்திரத்துக்கு முன்னாடி ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று இங்கிலாந்திலிருந்து கப்பல்ல வந்த வண்டிகள் வசதியானவங்க வீட்டுலதான் நின்னுது. 1949ல முருகப்பா குழுமமும் இங்கிலாந்து கம்பெனியும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பிச்சாங்க. அம்பத்தூர் தொழிற்சாலையிலிருந்து வண்டி வர ஆரம்பிச்ச பிறகு பால்காரர், தபால்காரர், வாத்தியார், கடைசியா விவசாயின்னு ஒவ்வொருத்தரா சைக்கிள் வாங்கினாங்க. வாங்க முடியாதவங்களுக்கு வாடகை சைக்கிள். சைக்கிள் பெருகினதும் தெருவுக்குத் தெரு ரிப்பேர் கடையும் வந்துது.

அந்தக் கடையில வேலை கத்துக்கிற முறை எழுதி வச்ச பாடம் இல்லை. முதல்ல காத்து அடிக்கணும். அப்புறம் கடை கூட்டணும், டீ வாங்கி வரணும். ஆறு மாசம் கழிச்சு பஞ்சர் ஒட்ட விடுவாங்க. சக்கரத்துல கை வைக்க ரெண்டு வருஷம்கூட ஆகும். சம்பளம் கிடையாது, டீயும் பன்னும்தான். இதுக்கே யாரை வேணா சேர்த்துக்க மாட்டாங்க. கடைக்காரரோட மச்சான் பையன், அக்கா பையன், தெரிஞ்சவர் சொல்லி வந்த பையன், இவங்கதான். வேற தெரு பையன் உள்ள நுழைய வழியே இல்லை.

1950ல மத்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டம் கொண்டு வந்துது. ஐ.டி.ஐ. எல்லாம் அதுல வந்ததுதான். 1961ல தொழில் பழகுநர் சட்டம் வந்துது. இதெல்லாம் பெரும்பாலும் தொழிற்சாலைக்கு ஆள் தயார் பண்றதுக்கு. ஃபிட்டர், டர்னர், வெல்டர். சொந்த ஊர்ல, மரத்தடியில ஒரு பெட்டியோட உக்காந்து பிழைக்கணும்னு நினைக்கிறவனுக்கு அங்க இடம் குறைவு.

அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் டிரைசம். ஊரக இளைஞர்களுக்கான சுயவேலைவாய்ப்புப் பயிற்சின்னு நீளமான பேரு. ஊர்ல யாரும் அப்படிச் சொன்னதில்லை, டிரைசம்தான். 1979 ஆகஸ்ட் 15ல ஆரம்பிச்சாங்க. 18 வயசிலிருந்து 35 வயசு வரைக்கும், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிற குடும்பத்துப் பிள்ளைகள் சேரலாம். வருஷத்துக்கு ரெண்டு லட்சம் பேருக்குப் பயிற்சி கொடுக்கணும்னு இலக்கு. உதவித்தொகை உண்டு, கருவிப்பெட்டி உண்டு. முடிச்சதும் வங்கிக் கடனும் மானியமும் கிடைக்க வழி வச்சிருந்தாங்க.

இதுல ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, கட்டடம் கட்டித்தான் சொல்லித் தரணும்னு இல்லை. ஊர்ல இருக்கிற நல்ல கைவினைஞர்கிட்டயே பிள்ளைகளை ஒப்படைச்சு, சொல்லித் தர்றதுக்கு அவருக்குப் பணம் கொடுக்கலாம். இன்னொண்ணு, சேர்றவங்கள்ல ஒரு பங்காவது ஆதிதிராவிடர், பழங்குடியினரா இருக்கணும். காகிதத்துல இது ஒரு வரிதான். அந்த ஒரு வரி ஒரு சைக்கிள் கடைக்குள்ள என்ன பண்ணுச்சுன்னு நான் கண்ணால பார்த்தேன்.

1988. பத்தாவது முடிச்சுட்டு அப்பாவோட ஒன்றரை ஏக்கர்ல மல்லாட்டை போட்டுக்கிட்டு இருந்தேன். (சென்னைக்காரங்களுக்கு: மல்லாட்டைன்னா நிலக்கடலை.) அப்ப திருவண்ணாமலை மாவட்டம் பிறக்கலை. வட ஆர்க்காட்டுலதான் இருந்தோம், எந்தக் காகிதமா இருந்தாலும் வேலூருக்குப் போய்த் திரும்பணும். கிராம சேவக் வந்து டிரைசம் பத்திச் சொன்னார். நான் சைக்கிள் மெக்கானிக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 6,400 ரூபாய்தான் அன்னைக்கு வறுமைக்கோடு. நாங்க அதுக்குக் கீழேதான் இருந்தோம். ரெண்டு மாசம் அலைஞ்சு இடம் கிடைச்சுது.

டவுன்ல ஒரு சைக்கிள் கடைதான் வகுப்பு. வாத்தியாரை நாங்க பாய்னு கூப்பிடுவோம். ஆறு பேர் சேர்ந்தோம், அதுல மூணு பேர் காலனிப் பையன்கள். எங்க ஊர்க் காலனியிலிருந்து ஒருத்தன். அவன்தான் இன்னைக்கு அந்தக் கடைக்காரர். அதுக்கு முன்னாடி அவனை எனக்கு முகம் தெரியும், அவ்வளவுதான். ஒரே ஊர்ல பிறந்து இருபது வருஷம் பக்கத்துல உக்காந்ததில்லை.

பாய் நல்ல வாத்தியார். முதல் நாளே ஒரு பழைய வண்டியை முழுசாக் கழட்டிப் போட்டுட்டு, "இப்ப இது சைக்கிள் இல்ல, சாமான். சைக்கிளா ஆக்குங்க" என்றார். முன் சக்கரத்துக்கு 32 ஸ்போக்ஸ், பின் சக்கரத்துக்கு 40, ஏன்னா பாரம் பின்னாடிதான் விழுது. பின் ஆக்ஸில்ல பக்கத்துக்கு ஒன்பது பால்ஸ். ஒண்ணு தொலைஞ்சாலும் கோன் தேயும். மண்ணெண்ணெயில கழுவி, எண்ணி, கிரீஸ்ல பதிச்சு வைக்கணும். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். எல்லா நட்டையும் போல முறுக்கினா கழல்ற இடத்துல இறுகிக்கும்.

கஷ்டமானது கோட்டம் எடுக்கிறது. சக்கரத்தைச் சுத்திவிட்டு எந்த இடத்துல ஆடுதுன்னு பார்த்து, ஒரு பக்கத்து நிப்பிளைக் கால் சுத்து முறுக்கி, எதிர்ப்பக்கம் கொஞ்சம் தளர்த்தணும். ஒரு ஸ்போக்ஸை இழுத்தா பக்கத்துல இருக்கிறது எல்லாம் அசையும். நான் முறுக்கினா முட்டை வடிவத்துல வரும். அவன் விரலால தட்டி, சத்தத்தை வச்சே எது தளர்ந்திருக்குன்னு சொல்லிடுவான்.

கடையில எல்லாருக்கும் ஒரே கண்ணாடி கிளாஸ்லதான் டீ. பாய் யாருக்கும் தனியா வைக்கலை. அன்னைக்கு எங்க பக்கத்து டீக்கடைகள்ல நிலைமை வேற. கொஞ்ச நாள்ல யாரோ போய் எங்க வீட்டுல சொல்லிட்டாங்க. அப்பா கத்தலை. சோறு தின்னுக்கிட்டே, "அவனுங்களோட சமமா உக்காந்து கை கால் கழுவுற வேலை கத்துக்கிறியாமே. நம்ம தெருவுல எவன் உன்கிட்ட வண்டி விடுவான்?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் பேசலை. நாலாவது மாசம் மல்லாட்டை பிடுங்கிற வேலை வந்துது. அதைச் சாக்கா வச்சு நின்னவன் திரும்பப் போகவே இல்லை. முப்பத்தஞ்சு வருஷமா யார் கேட்டாலும் மல்லாட்டை மேலதான் பழி போட்டிருக்கேன். இதை எழுதும்போதுதான் முதல்முறையா உண்மையைச் சொல்றேன்.

அவன் முடிச்சான். சான்றிதழும் கருவிப்பெட்டியும் வாங்கினான். கடனுக்கு ஒரு வங்கியில செருப்புத் தேய நடந்தான். கிடைச்சதும் நாலு வாடகை சைக்கிளோட வேங்கிக்கால்ல கடை போட்டான். 1989 செப்டம்பர் 30ல திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆச்சு. பின்னாடி கலெக்டர் ஆபீஸும் எங்க வேங்கிக்காலுக்கே வந்துது. மனு கொடுக்க வர்றவங்க, ஆபீஸ் சிப்பந்திங்க எல்லாருக்கும் சைக்கிள். கைவேலை சுத்தம்னு தெரிஞ்ச பிறகு எங்க தெரு வண்டிகளும் அவன்கிட்டயே போச்சு. அப்பாவோட வண்டியும்தான்.

அடுத்து சைக்கிளுக்கு ஒரு பெரிய காலம் வந்துது. 1991 வாக்குல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்துல, எழுத்தோட சேர்த்து சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்துது. ஒரு லட்சத்துக்கும் மேலான பெண்கள் ஓட்டக் கத்துக்கிட்டாங்கன்னு பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கார். கல் குவாரியில வேலை செய்றவங்க, நர்ஸுங்க, கூலிக்காரங்க எல்லாம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஆம்பளை சைக்கிளே வாங்கினாங்களாம், முன் கம்பியில குழந்தையை உக்கார வைக்கலாம்னு. 2001-02ல ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்க ஆரம்பிச்சுது. 2005-06ல அது எல்லா மாணவ மாணவியருக்கும்னு ஆச்சு. பெண் பிள்ளை ஒருத்தி சைக்கிள்ல ஏறினா பஞ்சர் ஒட்ட ஒரு கடை வேணுமே. டி.வி.எஸ். 50யும் பைக்கும் வந்து வாடகை சைக்கிளை அழிச்சப்ப, அவர் கடையைக் காப்பாத்தினது இந்தப் பள்ளிக்கூட சைக்கிள்கள்தான்.

டிரைசம் ஜெயிச்சுதான்னு கேட்டா, முழுசா இல்லை. எங்க ஆறு பேர்ல தொழில்ல நின்னது அவர் ஒருத்தர்தான். ரெண்டு பேர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனாங்க, ஒருத்தர் லாரி கிளீனர், ஒருத்தர் என்ன ஆனார்னு தெரியலை, நான் பாதியில ஓடினவன். நிறைய ஊர்ல இதே கதைதான். கத்துக்கிட்ட தொழிலுக்கும் ஊர்ல இருந்த தேவைக்கும் பொருத்தம் பார்க்கலைன்னு குறை சொன்னாங்க. 1999 ஏப்ரல்ல டிரைசத்தையும் அதோட கடன் திட்டத்தையும் சுவர்ணஜெயந்தி கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டத்துல சேர்த்துட்டாங்க. இன்னைக்கு இந்தியன் வங்கியோட பயிற்சி நிலையம் திருவண்ணாமலையில இருக்கு. இப்ப வர்ற பசங்க செல்போன் ரிப்பேர், பைக் ரிப்பேர்னுதான் கேக்கிறாங்க.

ஆறுல ஒண்ணுன்னா கணக்குல தோல்விதான். ஆனா அந்த ஒருத்தருக்கு வேற எந்தக் கடையும் கதவைத் திறந்திருக்காது. இத்தனை இடம்னு எவரோ ஒரு அதிகாரி எழுதி வச்ச வரிதான் அவரைக் கடைக்குள்ள கொண்டுபோய் உக்கார வச்சுது. அந்தக் கடை வருமானத்துல ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வச்சுட்டார்.

அன்னைக்கு அவர் பின் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கிட்டு இருந்தப்ப, "நான் நின்னது மல்லாட்டைக்காக இல்லீங்க" என்றேன். தலை நிமிராமலே, "தெரியும்" என்றார். சக்கரத்தைச் சுத்திவிட்டார். கொஞ்சம்கூட ஆடலை. அப்புறம் ஸ்பேனரை என் கையில கொடுத்து, "அந்த இடது பெடலை நீங்களே முறுக்குங்க" என்றார். நான் வழக்கம்போல வலது பக்கமாத்தான் திருப்பினேன். தம்பி மகள் விழுந்து விழுந்து சிரிச்சா.

உங்க அப்பார்ட்மெண்ட் மாடிப்படிக்குக் கீழே தூசி படிஞ்சு ஒரு சைக்கிள் நிக்குதா? ஒரு நாள் தள்ளிக்கிட்டுப் போய் பக்கத்துல இருக்கிற கடையில ஓவராயில் பண்ணக் கொடுங்க. அவர் முடிக்கிற வரைக்கும் ஸ்டூல் போட்டு உக்காந்து, "அண்ணே, இந்த வேலையை நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.