முறிந்த காலும் மருத்துவமனைக் கட்டிலும்: பாராடாங் கரையோர வரலாற்றில் ஒரு செவிலியப் பாடம்

காய்ச்சல் வந்தவர் நாலு நாள் படுத்திருந்து எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். கால் எலும்பு முறிந்தவருக்கு அது நடக்காது. எலும்பை நேராக்கிக் கட்டுப்போடும் டாக்டர் அரை மணியில் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுவார். அதன்பின் வரும் வாரங்களையும் மாதங்களையும் நோயாளி செவிலியர் கையில்தான் கழிக்க வேண்டும். சோறு ஊட்டுவது, உடம்பைத் திருப்பிவிடுவது, மலசலத்துக்குப் பாத்திரம் வைப்பது, மறுபடி நிற்கப் பழக்குவது எல்லாம் அவர் வேலை. எலும்பு முறிவு மருத்துவத்தில் நாள்கணக்கில் பார்த்தால் பெரும்பங்கு செவிலியம்தான் எனலாம்.

இப்படிக் கழிந்த சில மாதங்கள் அந்தமான் தீவுகளின் வரலாற்றில் ஒரு திருப்பத்துக்கு வழிவிட்டன. அந்தச் செய்தியையும், அது நமக்குச் சொல்லும் பாடத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாராடாங்கின் இருப்பிடம்

தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையில் இருப்பது பாராடாங் தீவு. வெளியூர் அன்பர்களுக்குச் சேற்று எரிமலையும் சுண்ணாம்புக்கல் குகையும் நினைவுக்கு வரும். 1918 முதல் காட்டு வேலைக்கு அழைத்துவரப்பட்ட ராஞ்சி மக்களின் வழிவந்தோர் இங்கு நிறைய உண்டு. தெற்கே மிடில் ஸ்ட்ரெய்ட் என்னும் நீரிணை. வடக்கே காந்தி காட் துறையிலிருந்து நீரைக் கடந்தால் உத்தரா ஜெட்டி, அதையடுத்துக் கதம்தலா. 1970களில் போடத் தொடங்கிய அந்தமான் நெடுஞ்சாலை, போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஜிர்காடாங் வழியாக ஜாரவா மக்களின் காட்டுக்குள் புகுந்து இத்தீவை வந்தடைகிறது.

ஜாரவா என்பது மற்றவர்கள் இட்ட பெயர். அவர்கள் தங்களை 'அங்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். 2001 கணக்கெடுப்பில் அவர்கள் 240 பேர், 2011இல் 380 பேர். அவர்களுக்கான காட்டுப்பகுதி 1957இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 1974இல் அரசுக் குழுவினர் தேங்காயும் வாழைப்பழமும் கொடுத்துக் கடற்கரையில் நட்பு ஏற்படுத்தினர். ஆனாலும் அடுத்த இருபது ஆண்டுகளில் சாலைப் பணியாளர்களுக்கும் குடியேறிகளுக்கும் ஜாரவா அம்பு என்றால் நடுக்கம்தான். இருபக்கமும் உயிர்கள் போயின.

ஒரு பழைய பாடம்

இதற்கு நூறாண்டுக்கு முன்பே 'பராமரிப்பு' என்ற பெயரில் ஒரு சோதனை நடந்து முடிந்திருந்தது. 1858இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றத்தைத் தொடங்கினர். 1860களில் 'அந்தமான் இல்லங்கள்' அமைத்து, கிரேட் அந்தமானியப் பழங்குடியினரை அங்கே தங்கவைத்து உணவும் துணியும் மருந்தும் கொடுத்தார்கள். நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால் பல பேரை ஒரே கூரையின்கீழ் சேர்த்த இடத்தில் நோயும் சேர்ந்தது. காட்டுக்குத் திரும்பிப் போனவர்களோடு நோயும் போனது. 1877இல் பரவிய தட்டம்மை பெருந்தொகையினரைக் கொண்டுபோயிற்று. பல ஆயிரம் பேராக இருந்ததாக மதிப்பிடப்படும் அம்மக்கள் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர்! பாராடாங்கிலும் ஒருகாலத்தில் கிரேட் அந்தமானிய இனத்தவரே வாழ்ந்தனர். இன்று அங்கே அவர்கள் இல்லை.

அம்மக்களுக்கும் சொந்த மருத்துவம் இருந்தது. வலிக்கும் இடத்தில் செம்மண் குழம்பு பூசுவார்கள். இறந்த உறவினரின் எலும்புகளைக் கோத்த மாலையை நோவுள்ள இடத்தில் கட்டுவார்கள். 1906 முதல் 1908 வரை இங்கு ஆய்வு செய்த ராட்கிளிஃப் பிரவுன் போன்றோர் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். முன்னோர் கூடவே இருக்கிறார் என்ற தைரியம் நோயாளிக்குக் கிடைத்தது. தைரியம் கொடுப்பதும் செவிலியத்தில் ஒரு பகுதிதானே!

எலும்பு கூடிய வரலாறு

நம்மூரிலும் எலும்பு வைத்தியர்கள் பரம்பரையாக இருந்து வந்திருக்கிறார்கள். முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு குழைத்துப் பூசி, துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். 'அசையாமல் வை' என்ற அடிப்படை இதிலே சரியாகவே இருக்கிறது. கட்டு இறுகிப்போய் ரத்த ஓட்டம் நின்றால்தான் வினை. விரல் கறுத்துக் கையையோ காலையோ எடுக்க வேண்டிவந்த நோயாளிகளை அரசு மருத்துவமனைகள் நிறையவே பார்த்திருக்கின்றன. கட்டுவது ஒரு கலை என்றால், கட்டியபின் கவனிப்பது அதைவிடப் பெரிய கலை.

மேலைநாட்டிலும் கதை இதுவே. 1851 வாக்கில் டச்சு ராணுவ மருத்துவர் மத்தைசன் மாவுக்கட்டுத் துணியைக் கண்டுபிடித்தார். 1895இல் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டார். இங்கிலாந்தின் ஹ்யூ ஓவன் தாமஸ் செய்த இரும்புப் பத்தையை அவர் மருமகன் ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப் போருக்குக் கொண்டுசென்றார். குண்டுபட்டுத் தொடை எலும்பு முறிந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, சாவு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது என்று அக்கால மருத்துவர்கள் கணக்குச் சொன்னார்கள். அந்தப் பத்தையை விழுந்த இடத்திலேயே, காலணியைக்கூடக் கழற்றாமல் மாட்டியவர்கள் தூக்குப்படுக்கை சுமந்த சாதாரணச் சிப்பாய்கள்.

இந்த ராபர்ட் ஜோன்சுக்குத் துணைநின்றவர் ஆக்னஸ் ஹன்ட் என்ற செவிலியர். 1866இல் பிறந்தவர். சிறுவயதிலேயே இடுப்பெலும்பு நோயால் நடை பாதிக்கப்பட்டவர். 1900இல் பாஸ்சர்ச் என்ற சிற்றூரில் எலும்பு நோயுற்ற குழந்தைகளுக்கு ஒரு இல்லம் தொடங்கினார். வீடு திரும்பிய பிள்ளைகளுக்குக் கட்டு தளர்ந்து மறுபடி கால் கோணுவதைப் பார்த்தவர், 'நோயாளி நம்மிடம் வரட்டும்' என்று உட்கார்ந்திருக்கவில்லை. 1907 முதல் ஊர் ஊராகப் பின்கவனிப்பு நிலையங்கள் ஏற்படுத்தினார். எலும்பு முறிவுச் செவிலியத்தின் தாய் என்று அவரைப் போற்றுவது இதனால்தான். நோயாளி இருக்கும் இடத்துக்குச் செவிலியம் போக வேண்டும் என்ற அவருடைய இந்தக் கொள்கையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1996: கதம்தலா

1996 ஏப்ரலில் கதம்தலா அருகே, குடியேறிகளின் ஊரை ஒட்டி, ஜாரவா இளைஞர் ஒருவர் கால் முறிந்து காட்டுக்குத் திரும்ப முடியாமல் அகப்பட்டார். பெயர் என்மெய். பதின்வயதுதான். அதுவரை அம்பும் துப்பாக்கியுமாகப் பார்த்துக்கொண்ட இரு கூட்டத்தாருக்கு நடுவே, ஒரு ஆள் அடிபட்டுக் கிடக்கிறார். அவரைப் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்தார்கள்.

அங்கே ஏறக்குறைய ஆறு மாதம் இருந்தார். கொஞ்சம் இந்தி பழகினார். தொலைக்காட்சி பார்த்தார். அக்டோபரில் குணமாகித் தன் மக்களிடம் திருப்பி அனுப்பப்பட்டார். ஓராண்டு கழித்து, 1997 அக்டோபரில், ஜாரவா மக்கள் ஆயுதமின்றிப் பட்டப்பகலில் காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். வந்தவர்களில் என்மெய்யும் முக்கியமானவர். ஏன் வந்தார்கள் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சாலையும், காட்டு விலங்கைத் திருட்டுத்தனமாக வேட்டையாடியோரும் அவர்கள் வாழ்வை நெருக்கியது ஒரு காரணம் என்பார்கள். ஆனால் வெளியே இருப்பவன் கொல்லத்தான் செய்வான் என்ற எண்ணம் மாறியதில் அந்த மருத்துவமனை மாதங்களுக்குப் பங்கு உண்டு என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

கால் முறிந்த எந்த நோயாளிக்கும் கட்டில் அருகே நடக்கும் வேலையை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புரியும். கட்டுக்கு வெளியே தெரியும் கால்விரல்களை மணிக்கு ஒருதரம் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடு இருக்கிறதா, நிறம் சரியா, நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு மூன்று விநாடியில் சிவப்புத் திரும்புகிறதா, விரலை அசைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். காலை உயர்த்தி வைக்க வேண்டும். எடை தொங்கவிட்டு இழுவைக் கட்டு போட்டிருந்தால் அந்த எடை தரையில் முட்டாமல் இருக்க வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை உடம்பை நகர்த்தாவிட்டால் முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிடும். மூச்சுப் பயிற்சி கொடுக்காவிட்டால் சளி கட்டும். மொழி தெரியாத ஒருவருக்கு இவ்வளவையும் சைகையாலும் முகத்தாலுமே செய்தாக வேண்டும். இரவும் பகலும் மாறி மாறி வந்த கைகள் ஒன்றுகூடத் தீங்கு செய்யவில்லை என்பதைக் கட்டிலில் கிடப்பவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பேச்சுவார்த்தைக் குழுக்கள் இருபது வருஷமாகத் தேங்காய் கொடுத்துச் சொல்ல முயன்றதை வார்டில் தொட்ட கைகள் சொல்லிவிட்டன.

மறுபக்கம்

கதை இங்கே முடிந்திருந்தால் நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் கலப்பு கூடியதும் நோயும் வந்தது. 1999இல் ஜாரவா மக்களிடையே தட்டம்மை பரவியது. 1877 மறுபடி வந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. 2006இலும் தட்டம்மை தலைகாட்டியது. ஆனால் இம்முறை கதம்தலா ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்களுக்கெனத் தனி வார்டு இயங்கிற்று. டாக்டர் ரத்தன் சந்திர கர் அம்மக்களிடையே பழகிச் சிகிச்சை அளித்தார். அவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வெளியார் கூட்டத்தோடு கலக்கவிடாமல், அவர்கள் காட்டுக்கு அருகிலேயே மருத்துவம் என்ற இந்த மாற்றம் முக்கியமானது. 2002இல் உச்ச நீதிமன்றம் காப்பிடத்தின் வழியே செல்லும் சாலைப் பகுதியை மூட ஆணையிட்டது. 2004 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ஜாரவா கொள்கை, அவர்கள் வாழ்வில் இயன்றவரை தலையிடாமை என்பதை அடிப்படையாக வைத்தது. இருந்தும் அந்த ஆணைக்குப் பின்னும் காப்பிடத்தின் வழியே வண்டிகள் அணி அணியாய் ஓடின.

இதே வழியில் நடந்த இன்னொருவர் சாந்தி தெரசா லக்ரா. ராங்கட்டில் பிறந்தவர். ராஞ்சியிலிருந்து குடியேறியோர் மரபினர். துணைச் செவிலியராக லிட்டில் அந்தமானின் டூகாங் கிரீக்கில் ஓங்கி மக்களிடையே தங்கிப் பணியாற்றினார். 2004 சுனாமிக்குப் பிறகும் அவர்களை விட்டு வரவில்லை. 2011இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆக்னஸ் ஹன்ட் செய்ததை, படகும் காட்டுப் பாதையுமாய் உள்ள நம் தீவில் செய்து காட்டியவர் எனலாம்.

நம்மவர் கவனத்துக்கு

1940இல் ஜெர்மானியர் குன்ட்ஷர் அறிமுகப்படுத்திய, எலும்பின் உள்ளே செலுத்தும் உலோகக் கம்பி முறையும் அதன்பின் வந்த தகடுகளும் நிலைமையை மாற்றிவிட்டன. அன்று மூன்று மாதம் கட்டிலில் கிடந்தவர்கள் பலர் இன்று சில நாளில் வீடு திரும்புகிறார்கள். அப்படியானால் செவிலியம் குறைந்துவிட்டதா? இல்லை, வீட்டுக்கு மாறியிருக்கிறது. அம்மாவும் மனைவியும் மருமகளுமே இப்போது நர்ஸம்மா. சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் அவர்கள் தவிக்கிறார்கள்.

பாராடாங் போன்ற இடத்தில் இது இன்னும் கடினம். மரம் விழுந்தோ, வண்டி கவிழ்ந்தோ கால் முறிந்தால், வண்டி அணி கிளம்பும் நேரம் பார்த்து, நீரிணை தாண்டி, காட்டுச்சாலையில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் குலுங்கிப் போக வேண்டும். ஆகவே விழுந்த இடத்திலேயே பத்தை வைத்துக் கட்டத் தெரிந்தவர் ஊருக்கு நாலு பேராவது வேண்டும். முறிந்த இடத்துக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி கட்ட வேண்டும். தேய்த்து, இழுத்துப் பார்க்கக் கூடாது. எலும்பு வெளியே தெரிந்தால் சுத்தமான துணியால் மூடி, உள்ளே தள்ளாமல் கொண்டுபோக வேண்டும். மாவுக்கட்டு முழுதாகக் காய ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை அழுத்தக் கூடாது. அரிக்குதேன்னு ஈர்க்குச்சியை உள்ளே விடக் கூடாது. விரல் வீங்கி, மரத்து, நீலம் பாய்ந்தால், அல்லது மருந்துக்கும் அடங்காமல் வலி ஏறினால் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. ஊன்றுகோலில் நடக்கும்போது பாரத்தை அக்குளில் போடாமல் கையில் தாங்கப் பழக்க வேண்டும்.

நம் சங்கம் ஆண்டுதோறும் பொங்கல் விழா, பட்டிமன்றம் நடத்துகிறது. நல்ல காரியம்தான். அதோடு ஒரு நாள், ஓய்வுபெற்ற செவிலியர் இருவரை அழைத்து, பத்தை கட்டவும் படுக்கைப் புண் தடுக்கவும் நம் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் சொல்லித்தரச் செய்யலாம். ராஞ்சி, வங்காள, தெலுங்கு அண்டைவீட்டாரையும் கூப்பிடலாம். எலும்பு முறிவுக்கு மொழி வேறுபாடு கிடையாது.

முடிவுரை

'அந்தமான் இல்லங்கள்' மனிதரைத் தம்மிடத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டன, மக்கள் அழிந்தார்கள். 1996இல் ஒரு மருத்துவமனை கால் முறிந்த இளைஞரை நடக்க வைத்து, அவருடைய மக்களிடமே திருப்பி அனுப்பியது, பகை தணிந்தது. 1999க்குப் பின் மருத்துவம் அவர்கள் வாசலுக்குப் போயிற்று; உயிர்கள் தப்பின. பாராடாங்கின் இரு கரைகளிலும் நடந்த இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், நோயாளியைத் தன் காலில் நிற்க வைத்துத் தன் வீட்டுக்கு அனுப்புவதே செவிலியத்தின் நோக்கம் என்பது விளங்கும். ஜாரவா காட்டுக்கும் அது பொருந்தும். நம் வீட்டுத் திண்ணையில் கால் நீட்டிப் படுத்திருக்கும் தாத்தாவுக்கும் பொருந்தும்.