ஓரியின் மலையும் மேட்டூர் அலுமினியமும்

கொல்லிமலைக்குச் செல்வோரில் பெரும்பாலோர் காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணியபடியே பேருந்தில் மேலேறுவர். நாங்கள் நால்வரும் வேறு வழியைத் தேர்ந்தோம். துறையூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் உள்ள புளியஞ்சோலையிலிருந்து, வனத்துறையின் அனுமதி பெற்று, முதுகுப்பைகளைச் சுமந்துகொண்டு ஐயாற்றின் ஓடையை ஒட்டியே நடந்தோம். சாலை போடப்படுவதற்கு முன் மலைமக்கள் தலைச்சுமையோடு ஏறி இறங்கிய பாதைகளில் ஒன்றையேனும் காலால் அறியவேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

பையில் இருந்தவை: எட்டுத்தொகை நூல்கள் இரண்டு, ஒரு வரைபடம், அவல், வெல்லம், ஓர் அலுமினியத் தூக்குவாளி. மனத்தில் இருந்தவை: வல்வில் ஓரி, கொல்லிப்பாவை, அறப்பளீசுவரர் திருக்கோயில். சுரங்கம் எங்கள் திட்டத்தில் எங்குமே இல்லை. ஆனால், மலையிலிருந்து இறங்கிய பின் நாங்கள் மிகுதியாகப் பேசியது சுரங்கத்தைப் பற்றித்தான். அது ஏன் என்பதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கைமாறிய மலை

கொல்லியைப் பற்றிய இலக்கியச் சான்றுகள் நம் நண்பர்களுக்குப் புதியன அல்ல. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஓரி இம்மலைக்குத் தலைவன். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்து உயிர்களையும் ஒரே அம்பு துளைத்துச் சென்றதாக வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாடல் (152) அவனது வில்லாற்றலுக்குச் சான்று. செம்மேட்டில் குதிரை மீதமர்ந்த ஓரியின் சிலையைக் காணலாம். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசு அவனுக்கு விழா எடுக்கிறது.

விழா மேடைகளில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றுண்டு. ஓரி போரில் கொல்லப்பட்டான். கொன்றவன் முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி. கொன்றபின் கொல்லிமலையைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் சேரர்க்கு ஈந்துவிட்டான் என்கிறது கல்லாடனாரின் அகநானூற்றுப் பாடல் (209). வியப்பு என்னவெனில், கொன்ற காரியும் கொல்லப்பட்ட ஓரியும் சிறுபாணாற்றுப்படை கூறும் எழுவர் வரிசையில் வள்ளல்களாக நிற்கின்றனர்! மலையை ஆண்டவனும் வள்ளல். அதைப் பறித்து இன்னொருவருக்குக் கொடுத்தவனும் வள்ளல்.

அந்த ஈகையில் மலைமேல் வாழ்ந்தோர் என்ன நினைத்தனர்? நேரடியான விடை எந்தப் பாடலிலும் இல்லை. கபிலரின் நற்றிணைப் பாடல் ஒன்றில் (320) மட்டும் ஓர் எதிரொலி கேட்கிறது. ஓரியைக் கொன்றபின் காரி அவனது பெருந்தெருவில் நுழைந்தபோது ஊரே ஆரவாரித்ததாம். அதுவும் வரலாற்றுச் செய்தியாகச் சொல்லப்படவில்லை. ஊரில் எழும் அலருக்கு உவமையாக வந்து போகிறது. ஆயினும் அந்த உவமை இல்லையேல் அத்தெருவின் குரல் நமக்கு எட்டியிராது. இதனை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம்; கட்டுரையின் முடிவில் மீண்டும் இதனிடம் வரவேண்டியிருக்கிறது.

செம்மேடு என்னும் பெயர்

ஆகாயகங்கை அருவியைக் கண்டு, அறப்பளீசுவரர் கோயிலில் வழிபட்டு, மறுநாள் மலையின் மேற்பரப்பில் நடந்தோம். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் விரியும் மேட்டுநிலம் அது. பள்ளங்களில் நெல் வயல்கள். சரிவுகளில் மரவள்ளிக்கிழங்கும், காப்பி, மிளகுத் தோட்டங்களும். அருகிவரும் சாமையும் கேழ்வரகும். மேடுகளின் உச்சியில் மட்டும் மண்ணின் நிறம் மாறுகிறது. செந்நிறம், பழுப்பு, சில இடங்களில் வெளிறிய இளஞ்சிவப்பு. மலையின் தலைமையூருக்குச் செம்மேடு என்று பெயர் வைத்தவர் யாரோ அறியோம். மண்ணைப் பார்த்தே வைத்திருக்க வேண்டும்.

அந்தச் செம்மையின் காரணம் சுவையானது. கொல்லிமலையின் உடல் சார்னோக்கைட் எனும் பாறை. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893இல் அப்பாறைக்கு இப்பெயரிட்டார். அந்தக் கல்லோ நம் சென்னைப் பகுதியிலிருந்து வங்காளத்திற்குச் சென்றது! இப்பாறையின் மீது கோடிக்கணக்கான மழைக்காலங்கள் பெய்கையில், அதிலுள்ள மணற்சத்தாகிய சிலிக்கா கரைந்து போகிறது. கரையாத இரும்பும் அலுமினியமும் மேலே தங்கிவிடுகின்றன. நீர் வேகமாக வழிந்தோடும் செங்குத்துச் சரிவில் இது நிகழாது. நீர் நின்று மெல்ல உள்ளிறங்கும் தட்டையான உச்சிகளில்தான் நிகழும். இவ்வாறு உண்டான அலுமினியக் கனிமமே பாக்சைட். 1821இல் பிரான்சின் லே போ என்ற ஊரருகே பெர்த்தியே கண்டறிந்ததால் வந்த பெயர். சேர்வராயன், பழனி, நீலகிரி மலைகளின் உச்சிகளிலும் இக்கனிமம் உண்டு.

இங்கேதான் நாங்கள் சற்று நின்றோம். நுண்துளைகள் மிகுந்த அந்தச் செந்நிறத் தொப்பி மழையை உறிஞ்சி, கீழே கடினப்பாறை தொடங்கும் மட்டத்தில் சிறிது சிறிதாக ஊற்றாகக் கசியவிடுகிறது. கனிமம் இருக்கும் இடமும் ஊற்றின் தாய்மடியும் ஒன்றே. மழைநீர் மெல்ல இறங்கியதால்தான் கனிமம் உண்டாயிற்று. கனிமம் இருப்பதால்தான் நீர் இன்னும் மெல்ல இறங்குகிறது. ஒன்றை எடுத்தால் மற்றொன்றை அப்படியே விட்டுவைக்க இயலாது.

மேட்டூருக்குப் போன மலை

சென்னைக்கும் அலுமினியத்துக்கும் உள்ள உறவு பழையது. 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். அன்று உலோகம் வெளிநாட்டிலிருந்து வந்தது. உள்நாட்டில் உருக்குவதற்குக் கனிமத்தை விட மின்சாரமே பெருந்தடை. ஒரு டன் அலுமினியம் பெற ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் தேவை. 1934இல் முடிந்த மேட்டூர் அணை அத்தடையை நீக்கும் நம்பிக்கையை அளித்தது. 1960இல் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி பதிவாயிற்று. 1965இல் மேட்டூரில் உற்பத்தி தொடங்கியது. சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் அதன் கனிம மூலங்கள் ஆயின.

கணக்கு எளிது. நான்கைந்து டன் பாக்சைட்டிலிருந்து இரண்டு டன் அலுமினா. அதிலிருந்து ஒரு டன் அலுமினியம். மிஞ்சுவது செஞ்சேறு. மலையுச்சியில் வெட்டிய கல் லாரிகளில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிற்று. உலையும் ஊழியர் குடியிருப்பும் மேட்டூரில் எழுந்தன. மலைமேல் எழுந்தது எதுவுமில்லை.

மின்கட்டணச் சுமையால் 1990களின் தொடக்கத்தில் முடங்கிய ஆலை, 1995இல் ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்கு மாறி மீண்டும் இயங்கியது. 2008இல் உலகச் சந்தையில் அலுமினிய விலை சரிந்தது; சில மாதங்களிலேயே பாதிக்கும் கீழே போயிற்று. அவ்வாண்டின் இறுதியில் மேட்டூரில் அலுமினிய உற்பத்தி நின்றது. கொல்லிமலைச் சுரங்கங்களின் சுற்றுச்சூழல் அனுமதி பற்றிய எதிர்ப்பும் வழக்கும் அதே காலத்தில் எழுந்தவை. லாரிகள் நின்றன.

சுரங்கம் விட்டுச்செல்வது

முதுகுப்பையோடு உலகம் சுற்றுவோர் பொலிவியாவின் பொத்தோசியையும் சிலியின் அடகாமா பாலைவனத்தையும் தேடிச் செல்வர். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 4000 மீட்டர் உயரத்தில், 1545இல் கண்டறியப்பட்ட வெள்ளிக்காக எழுந்த நகரம் பொத்தோசி. அடகாமாவின் அம்பர்ஸ்டோன், வெடியுப்புக்காக 1872இல் எழுந்து, செயற்கை உரம் வந்தபின் நலிந்து, 1960இல் கைவிடப்பட்ட ஊர். இரண்டும் இன்று உலக மரபுச் சின்னங்கள். நம் பக்கத்தில் கோலார் தங்கவயல் உண்டு. 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும், தெருக்களும், கோயில்களும், பாட்டும் பேச்சும் அங்கே எஞ்சியிருக்கின்றன. அவ்வூர்களில் சுரங்கத்தின் வரலாற்றைச் சுவர்களிலேயே படித்துவிடலாம்.

கொல்லிமலையில் அப்படிப் படிப்பதற்கு ஒன்றுமில்லை. திறந்தவெளியில் தோண்டி எடுத்துச் செல்லப்பட்டதால் ஊர் எழவில்லை. ஊர் எழாததால் இடிபாடும் இல்லை. நாங்கள் கண்டது படிப்படியாக வெட்டப்பட்ட ஒரு செம்மண் சரிவு. அடியில் தேங்கிய மழைநீர். விளிம்பில் முளைத்த புல். முதலில் அதனை ஏரி வெட்டிய இடம் என்றே எண்ணிவிட்டோம்! கல்வெட்டுப் படிகளைத் தேடி ஊர் ஊராக அலையும் நாங்கள், கண்முன் கிடந்த 40 ஆண்டு வரலாற்றை அடையாளம் காணத் தவறினோம்.

அடையாளம் காட்டியவர் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்.

"ஐயா, இது ஏரியா?" என்று கேட்டோம்.

"ஏரியா? அலுமினியக் கல்லு எடுத்த குழி தம்பி. எங்கப்பா காலத்துல இந்த மேடு முழுக்க மேய்ச்சல். அப்புறம் லாரி வந்துச்சு. நானும் கூலிக்குப் போனேன். அந்தக் காசுலதான் கூரைய எடுத்துட்டு ஓடு போட்டேன். பொய் சொல்லக்கூடாது."

"இப்போது?"

"லாரி போயிருச்சு. ஓடு இருக்கு, குழியும் இருக்கு. மேய்ச்சல்தான் இல்ல. கீழ ஊத்துத் தண்ணியும் முன்ன மாதிரி சித்திரை வரைக்கும் வாரதில்ல."

ஊற்று குறைந்ததற்குச் சுரங்கம் மட்டுமே காரணம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. காடு திருத்தியதும், மரவள்ளி பரவியதும், ஆழ்துளைக் கிணறுகளும் அதில் பங்கு பெற்றிருக்கும். ஆனால் மலையுச்சியைப் பற்றிப் புவியியல் நூல்கள் கூறுவதையே அவர் தம் வாழ்நாளைக் கொண்டு கூறினார் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

ஆரவாரம் எங்கே?

1997இல் சமதா வழக்கில், ஆந்திரத்தின் பழங்குடி அட்டவணைப் பகுதிகளில் தனியாருக்குச் சுரங்கக் குத்தகை அளிக்கக்கூடாது என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என ஒன்றும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே மலையாளிப் பழங்குடியினர் பெருந்தொகையாக வாழும் கொல்லிமலைக்கு அத்தீர்ப்பின் காப்பு கிட்டவில்லை. 2013இல் ஒடிசாவின் நியமகிரியில், அதே பாக்சைட்டுக்காக, உச்சநீதிமன்ற ஆணைப்படி 12 கிராமசபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. கொல்லிமலையில் அப்படியொரு கேள்வியை முன்வைத்து ஊர்கள் கூட்டப்படவில்லை. கேட்டிருந்தால் எல்லோரும் வேண்டாம் என்றிருப்பார்களா? ஓட்டு வீட்டுப் பெரியவரை நினைக்கையில் எங்களால் உறுதி கூற இயலவில்லை. கேட்கப்படவில்லை என்பதே எங்கள் வருத்தம்.

ஆக, கொல்லி இருமுறை கைமாறியிருக்கிறது. முதல்முறை வாளால்; மறுமுறை குத்தகைத் தாளால். முதல்முறை மலையின் மதிப்பு பலாவிலும் தேனிலும் இருந்தது. மலை இடம்பெயரவில்லை, தலைவன் மட்டுமே மாறினான். மறுமுறை மலையின் உச்சியே கீழே இறங்கிப் போயிற்று. முதற் கைமாற்றத்தின்போது தெருவில் எழுந்த ஆரவாரத்தை உவமையாகவேனும் பிடித்துவைக்க ஒரு கபிலர் இருந்தார். இரண்டாவதற்கு?

இக்கேள்வியை ஒருவரையும் குற்றஞ்சாட்டக் கேட்கவில்லை. அன்று மதியம் அந்தக் குழியின் விளிம்பில் அமர்ந்து, தூக்குவாளியில் நனைத்த அவலைப் பெரியவரோடு பகிர்ந்து உண்டோம். அந்த வாளி எந்த மலையின் உச்சியிலிருந்து வந்ததோ! அலுமினியம் வேண்டாம் என்று சொல்லும் தகுதி எங்களுக்கும் இல்லை.

எங்களால் இயல்வது ஒன்றுண்டு. ஓரியைப் பற்றி எழுதும் ஏட்டிலேயே இக்குழிகளைப் பற்றியும் எழுதலாம். லாரி ஓட்டியவர், கல் வெட்டியவர், மேய்ச்சலை இழந்தவர், மேட்டூர் உலையில் நின்றவர் எனப் பலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். சேலம், நாமக்கல், மேட்டூர்ப் பகுதி நண்பர்கள் அவர்களிடம் அமர்ந்து கேட்டு எழுதவேண்டும் என வேண்டுகிறோம். கல்வெட்டு இன்னும் சில நூற்றாண்டுகள் நமக்காகக் காத்திருக்கும். இவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.