குடும்பப் படத்தில் யார் யார்?

என் வகுப்பறையில் நடந்த ஒரு சிறு நிகழ்வைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் குடும்ப உறவுகளைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒவ்வொருவரும் குடும்பப் படம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்றேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். “அப்பா, அம்மா, அண்ணன், தங்கை எல்லாரும் படத்தில் இருக்க வேண்டும்” என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அந்தக் கடைசி வாக்கியம் ஒரு குழந்தையின் மனத்தில் எப்படி விழும் என்று அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாள் ஒரு மாணவன் மட்டும் வெறுங்கையுடன் வந்தான். “டீச்சர், எங்க வீட்டுல அந்த மாதிரி படம் இல்ல” என்றான். குரல் தாழ்ந்திருந்தது. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அதற்கும் அடுத்த நாள் அவனுடைய பாட்டி பள்ளி வாசலில் எனக்காகக் காத்திருந்தார். கையில் ஒரு படம். வீட்டு வாசலில் நெகிழி நாற்காலியில் பாட்டி அமர்ந்திருக்கிறார். மடியில் பேரன். பின்னால் சின்னம்மா நிற்கிறார். பாட்டி தம் வலக்கையில் ஒரு கைத்தொலைபேசியை நெஞ்சுக்கு நேராக உயர்த்திப் பிடித்திருக்கிறார். அதன் திரையில் சிறுவனின் தாயார் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

“போர்டர் மூடியிருந்தப்ப எடுத்தது டீச்சர். இதுதான் எங்க குடும்பம்” என்றார் பாட்டி.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜொகூர்ப் பாலம் மூடப்பட்டதையும், 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் தரைவழி எல்லை முழுமையாகத் திறக்கப்பட்டதையும் ஜொகூர் மக்களாகிய நாம் மறக்க இயலாது. சிங்கப்பூரில் வேலை செய்த அந்தத் தாய் அங்கேயே தங்கிவிட்டார். மகன் லாபிஸில் பாட்டியிடம் வளர்ந்தான். அந்த நாள்களில் எடுத்த படம் அது.

முதலில் அதை இக்காலத்திற்கே உரிய புதுமையான படம் என்றுதான் நினைத்தேன். பிறகு நம் சமூகத்தின் பழைய படங்களைப் பற்றிப் படிக்கவும், எங்கள் வீட்டுப் படங்களை மீண்டும் எடுத்துப் பார்க்கவும் தொடங்கினேன். அது புதுமையே அன்று என்று தெரிந்தது. இந்நாட்டுத் தமிழர் குடும்பம் என்றைக்குமே ஒரே வடிவத்தில் இருந்ததில்லை. ஒரே வடிவத்தில் இருந்தது ஸ்டூடியோ மட்டுமே!

நாற்காலியும் திரைச்சீலையும்

நிழற்படக் கலை 1839-இல் பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1843-இல், சிங்கப்பூரில் விடுதி நடத்திய துத்ரோன்குவா என்பவர் படம் பிடித்துத் தருவதாக விளம்பரம் செய்தார். ஆனால் அக்காலத்தில் படம் என்பது செல்வர் வீட்டுப் பொருள். தமிழகத்திலும் தொடக்கத்தில் கேமரா குடும்பங்களைத் தேடிச் செல்லவில்லை. 1858-இல் மதுரை, தஞ்சை ஆகிய நகரங்களை லின்னேயஸ் டிரைப் படம் பிடித்தபோது அவர் கேமராவின் முன் நின்றவை பெரும்பாலும் கோயில்களும் அரண்மனைகளுமே.

ஊர்தோறும் ஸ்டூடியோக்கள் தோன்றிய பின்னரே குடும்பங்கள் கேமராவின் முன் வந்து அமர்ந்தன. அப்போது ஓர் ஒழுங்குமுறையும் உடன் வந்தது. பெரியவர்களுக்கு நாற்காலி. இளையவர்கள் பின்வரிசையில் நிற்க வேண்டும். குழந்தைகள் தரையில் அமர வேண்டும். பின்னால் மாளிகையோ பூங்காவோ வரையப்பட்ட திரைச்சீலை. பக்கத்தில் ஒரு சிறு மேசை, அதன்மேல் பூச்சாடி. ஒற்றை அறையில் வாழ்ந்தவரும் அந்த மாளிகையின் முன்தான் நின்றார். கைக்கடிகாரமும் கோட்டும் சில வேளைகளில் ஸ்டூடியோக்காரருடையவை! பழைய படங்களில் எல்லாக் குடும்பங்களும் ஒன்றுபோலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். அந்த ஒற்றுமை வாழ்க்கையில் இருந்ததன்று. படம் பிடித்தவர் அமைத்துத் தந்தது.

எனினும் உற்றுப் பார்த்தால் வேறுபாடுகள் தெரியும். 1910-களில் சிங்கப்பூர் ஹில் ஸ்திரீட்டில் லீ சகோதரர்கள் ஒரு ஸ்டூடியோ நடத்தினர். அங்கு எடுக்கப்பட்ட ஏறத்தாழ 2500 படங்கள் இன்று சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. சீனர், பெரானாக்கான், மலாய்க்காரர், இந்தியர், ஐரோப்பியர் என யாவரும் அதே திரைச்சீலைகளின் முன் வந்து நின்றிருக்கின்றனர். தமிழகத்திலும் பழைய ஸ்டூடியோப் படங்களை மின்வடிவில் காக்கும் பணி புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களால், பிரிட்டிஷ் நூலகத்தின் துணையுடன் நடைபெற்றிருக்கிறது. அரசர்களின் வரலாறு கல்வெட்டில் இருக்கிறது. எளிய குடும்பங்களின் வரலாறு இத்தகைய படங்களில்தான் இருக்கிறது.

தோட்டத்தில் யார் குடும்பம்?

லாபிஸ் வழியாகச் செல்லும் இரயில் பாதை 1909-இல் ஜொகூர் பாரு வரை முழுமை பெற்றது. பாதை வந்த பின் இப்பகுதியில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் தத்தம் ஊர்களிலிருந்து ஆள் திரட்டி வந்தனர். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அம்முறை நீடித்தது. வந்தவர்களில் ஆண்களே மிகுதி. மனைவி ஊரில், கணவன் தோட்டத்தில். அண்ணனும் தம்பியும் ஒரு லயத்தில், தாய் கடலுக்கு அப்பால். அக்காலக் குடும்பம் கடலின் இரு கரைகளிலும் பிரிந்து கிடந்தது. சிங்கப்பூரில் வேலை செய்யும் தாயையும் லாபிஸில் வளரும் மகனையும் கண்டு, ‘இந்தக் காலத்துக் குடும்பங்கள் இப்படியாகிவிட்டன’ என்று பெருமூச்சு விடுபவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிரிந்தவர்களை இணைத்தது கடிதமும் அதனுடன் சென்ற படமுமே. எங்கள் தாத்தா பட்டணத்திற்குப் போய் ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினாராம். 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை நம் மக்களை ஏற்றிச்சென்ற ‘ரஜூலா’ கப்பலில் ஊர் திரும்பிய ஒருவர் கையில் அது போய்ச் சேர்ந்தது. ‘நான் நலம்’ என்று எழுதத் தெரியாதவர்க்கு அந்தப் படமே கடிதம்.

பழைய ஸ்டூடியோக்களில் மற்றொரு வழக்கமும் இருந்தது. வெளியூரில் இருப்பவரையோ இறந்துபோனவரையோ வேறொரு படத்திலிருந்து வெட்டி எடுத்துக் குடும்பத்தாரின் நடுவே ஒட்டி, மறுபடியும் படம் பிடித்துக் கொடுப்பார்கள். ஒட்டிய இடம் சற்றுத் தெரியும். ஒருவருடைய தலை மட்டும் பெரிதாக இருக்கும். ஆயினும் குடும்பம் அதைப் பொருட்படுத்தாது. வீட்டுச் சுவரில் மாட்டிவைக்கும். அந்த ஒட்டுப் படத்திற்கும் பாட்டி உயர்த்திப் பிடித்த கைத்தொலைபேசிக்கும் என்ன வேறுபாடு? இல்லாதவருக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்ற தவிப்பு ஒன்றுதானே!

படமே இல்லாதவர்கள்

படங்களைப் பற்றிப் பேசும்போது படம் இல்லாதவர்களையும் நினைக்க வேண்டும். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாம் மரண இரயில் பாதை அமைக்கத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டு சென்றனர். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. தோட்டத் தொழிலாளர்களிடம் படம் அரிதாக இருந்த காலம் அது. கணவன் முகம் பாட்டியின் நினைவில் மட்டும் இருந்தது. பாட்டி மறைந்தபோது அந்த முகமும் மறைந்தது. அதற்குப் பின் பல குடும்பங்கள் தாயை மட்டும் கொண்டு வாழ்ந்தன. சில குடும்பங்களில் மாமன் தந்தையானார். சில குடும்பங்களில் பக்கத்து லயத்துக்காரர் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டார். தந்தை இல்லாத வீடு நம் வரலாற்றுக்குப் புதிதன்று.

1948 ஜூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவரும் நிழற்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை பெற வேண்டும் என்று அரசு சட்டம் இயற்றியது. தோட்டத்து மக்கள் பலருக்கு வாழ்வில் எடுத்த முதல் படமே அதுதான். நாற்காலி இல்லை, பூச்சாடி இல்லை, பக்கத்தில் உறவினரும் இல்லை. தனித்த ஒரு முகம் மட்டும். என் பாட்டிக்கும் அப்படித்தான். அவர் காலமானபோது வீட்டில் வேறு படம் கிடைக்கவில்லை. அடையாள அட்டைப் படத்தையே பெரிதாக்கிச் சட்டமிட்டு மாலை அணிவித்தோம். காவலுக்காக அரசு எடுத்த படம் பூசையறையில் எங்கள் குலப் படமாயிற்று.

அத்தையின் முகம்

எங்கள் வீட்டில் இன்னொரு படமும் உண்டு. 1960-களில் எடுத்தது. வரிசையில் நிற்கும் பெண்களில் ஒருவர் மட்டும் சீன முகம் கொண்டவர். சேலை, பொட்டு, கழுத்தில் தாலி. அவர் என் அத்தை. வறுமையாலும் போராலும் சீனக் குடும்பங்கள் சில தம் பெண் குழந்தைகளைப் பிற இனத்தாரிடம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. இந்தியக் குடும்பங்கள் பல அக்குழந்தைகளைத் தம் பிள்ளைகளாகவே வளர்த்தன. அத்தை பேசும் தமிழ் என் தமிழைவிட இனிமையானது! படம் இல்லாவிட்டால் அவர் பிறப்பால் வேறினத்தவர் என்பதே எங்கள் பிள்ளைகளுக்குத் தோன்றாது. படம் இருப்பதால்தான் அவர்கள் கேள்வி கேட்கின்றனர்; நாங்களும் அன்பின் கதையைச் சொல்ல முடிகிறது.

அதே பெட்டியில் சிறிய கடப்பிதழ்ப் படங்களும் கிடந்தன. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் பெற வேண்டிய நிலை வந்தது. சிவப்பு அடையாள அட்டையுடன் இருந்த பல்லாயிரம் இந்தியர்கள் நாடு திரும்பினர். பிள்ளைகள் இங்கே, பெற்றோர் அங்கே எனக் குடும்பங்கள் மறுபடியும் பிரிந்தன. புறப்படுமுன் சேர்ந்து எடுத்துக்கொண்ட படமே சிலருக்குக் கடைசிக் குடும்பப் படம்.

நமது கடமை

இன்று தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. நம்மவர்கள் பெரும்பாலும் தாமான்களில் வாழ்கிறோம். ஸ்டூடியோவின் நாற்காலி ஒழுங்கும் மறைந்துவிட்டது. கைத்தொலைபேசியில் பாட்டியே படம் எடுக்கிறார். ஒரே நாளில் நூறு படங்கள் புலனத்தில் வருகின்றன. தாய் மட்டும் உள்ள வீடு, தாத்தா பாட்டி வளர்க்கும் பிள்ளைகள், மறுமணத்தால் இணைந்த குடும்பம், கலப்புத் திருமணக் குடும்பம், வார இறுதியில் மட்டும் சேரும் குடும்பம் என எல்லாம் அப்படங்களில் இருக்கின்றன. ஆனால், ஆசிரியர்களே, நம் வகுப்பறைச் சுவரொட்டியில் மட்டும் இன்னும் அந்த நால்வரே சிரித்துக்கொண்டிருக்கின்றனர்!

அந்த மாணவன் கொண்டுவராத படத்திற்குக் காரணம் அவன் குடும்பம் அன்று, என் கேள்வி. இப்போது நான், “உன் வீட்டில் உன்னை அன்போடு பார்த்துக்கொள்பவர்கள் இருக்கும் படம் ஒன்றைக் கொண்டு வா” என்று கேட்கிறேன். உறவுப்பெயர்களைக் கற்பிப்பதில் எந்தக் குறையும் நேரவில்லை. சின்னம்மா, பெரியப்பா, தாய்மாமன், அத்தை, கொள்ளுப்பாட்டி என்று முன்பைவிட மிகுதியான சொற்களை மாணவர்கள் கற்கின்றனர். நால்வர் படத்தில் அத்தனை சொற்களுக்கு இடமேது?

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் உள்ள பழைய படங்களை எடுத்து, இவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பெயர் தெரியாத படம் இரண்டாம் தலைமுறையில் குப்பைக்குப் போய்விடும். கைத்தொலைபேசியில் உள்ள படங்களில் ஆண்டுக்குச் சிலவற்றையாவது அச்சிட்டு வையுங்கள். கருவி பழுதானால் ஒரு குழந்தையின் முழு இளமைக் காலமும் அதனுடன் போய்விடும்.

பாட்டி கொண்டுவந்த படத்தை மற்றப் படங்களுடன் வகுப்பறைச் சுவரில் ஒட்டினேன். அதன் கீழ் உறவுப்பெயர்களை எழுதும்படி மாணவனிடம் சொன்னேன். பாட்டி, சின்னம்மா, நான் என்று எழுதினான். பிறகு அந்தச் சிறு திரையை நோக்கி ஓர் அம்புக்குறி வரைந்து, எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் ‘அம்மா’ என்று எழுதினான்.